கணக்குப் புத்தகம் யார் கையில்?



சில வாரங்களுக்கு முன்பு என் வகுப்பு மாணவன் ஒருவனிடமிருந்து ஒரு குறிப்பேட்டைப் பறிமுதல் செய்தேன். கணிதப் பாட வேளையில் மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டு எதையோ எழுதிக்கொண்டிருந்தான். என்னவென்று கேட்டதற்கு, "விளையாட்டுக் கணக்கு, ஐயா" என்றான். வகுப்பே சிரித்தது. எனக்கோ சினம். அன்று காலையிலிருந்தே அவனுடைய கண்கள் செருகிக்கொண்டிருந்ததை நான் கவனித்திருந்தேன். ஏட்டை வாங்கிக்கொண்டு போய் ஆசிரியர் அறையில் என் இழுப்பறைக்குள் போட்டுவிட்டேன்.

ஓய்வு நேரத்தில் அதனை எடுத்துப் பிரித்தேன். கண்டித்துப் பெற்றோருக்கு எழுத வேண்டும் என்பதே அப்போது என் எண்ணம். ஆனால், முதல் பக்கத்தைப் பார்த்ததும் சற்று நேரம் அப்படியே அமர்ந்துவிட்டேன்.

அடிக்கோலால் கோடிழுத்து ஐந்து கட்டங்கள். நாள், நிகழ்வு, தருவதாகச் சொன்னது, கிடைத்தது, காலாவதி நாள். கைப்பேசி விளையாட்டு ஒன்றில் நாள்தோறும் உள்ளே நுழைந்தால் கிடைக்கும் பரிசுகள், திருவிழாக் காலங்களில் நடக்கும் சிறப்பு நிகழ்வுகளின் வெகுமதிகள், ஏழாம் நாள் பரிசு, பதினான்காம் நாள் பரிசு என எல்லாம் வரிசையாக எழுதப்பட்டிருந்தன. ஓரிடத்தில் "சொன்னது 60, கொடுத்தது 40" என்று சிவப்பு மையில் அடிக்கோடிட்டிருந்தான். அதன் கீழே, "கேட்டு எழுதினேன். 3 நாள் கழித்து 20 வந்தது" என்ற குறிப்பு.

பத்து மாதமாக இவன் எனக்கு எழுதித் தந்த கட்டுரை ஏடுகளில் இத்தனை ஒழுங்கை நான் கண்டதே இல்லை.

அன்பர்களே, இந்தக் கட்டுரை விளையாட்டைப் பற்றியது மட்டுமன்று. அந்த ஏட்டைப் பார்த்தவுடன் என் நினைவு எங்கள் ராசா வட்டாரத்தின் பழைய தோட்டங்களுக்கு ஓடிவிட்டது. வருகைக்கு வெகுமதி, வராதவனுக்கு இழப்பு, அதைக் குறித்து வைக்க ஒரு புத்தகம் என்ற முறை நம் மக்களுக்குப் புதியதன்று. நூறு ஆண்டுகளுக்கு மேலாக நம் முன்னோர்களின் வாழ்வே அப்படிப்பட்ட ஒரு புத்தகத்துக்குள்தான் கிடந்தது. அந்த வரலாற்றைச் சற்றுத் திரும்பிப் பார்ப்போம்.

பெரட்டும் செக்ரோலும்

ராசா, உலு சிலாங்கூர் மாவட்டத்தில் பத்தாங் காலிக்கும் கோலகுபு பாருவுக்கும் இடையில், பழைய கூட்டரசுச் சாலையும் தொடர்வண்டிப் பாதையும் செல்லும் வழியில் அமைந்த சிற்றூர். 2007ஆம் ஆண்டில் ரவாங்கிலிருந்து மின் தொடர்வண்டி இங்கு வந்தபோதுதான் வெளியூர்க்காரர்கள் பலருக்கு இவ்வூரின் பெயரே தெரியவந்தது. ஆனால், தோட்டத் தமிழர்களுக்கு இப்பகுதி நெடுங்காலமாகத் தெரிந்த பகுதி. இங்கிருந்து மேற்கே கோல சிலாங்கூர் வரை ஒரு காலத்தில் இரப்பர்த் தோட்டங்கள் பரந்து கிடந்தன. நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் தோட்டமும் 1917ஆம் ஆண்டில் கோல சிலாங்கூர் மாவட்டத்தில்தான் தொடங்கப்பட்டது.

தோட்டத்தில் நாள் என்பது கதிரவனால் தொடங்குவதன்று, பெரட்டில்தான் தொடங்கும். விடியுமுன் மணி அடிக்கும். ஆண்களும் பெண்களும் இருட்டிலேயே எழுந்து, பிள்ளைகளை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, வாளியும் காண்டாவும் உளியுமாகப் பெரட்டுக் களத்தில் வரிசையாக நிற்பார்கள். விளக்கு வெளிச்சத்தில் கிராணியார் பெயர்களை ஒவ்வொன்றாக அழைப்பார். அழைத்தபோது குரல் கொடுத்தவருக்கு அன்று வேலை உண்டு. பிந்தி வந்தவருக்கு அன்றைய நாள் போயிற்று. அந்தப் பெயர்கள் எழுதப்பட்ட நீண்ட புத்தகம்தான் செக்ரோல்.

அந்தச் செக்ரோலில் ஒரு தொழிலாளியின் பெயருக்கு நேராக விழுந்த ஒரு கோடு, மூன்று வேறு கணக்குகளுக்கு உதவியது.

முதலாவது, தொழிலாளியின் கூலி. நாள் கணக்கில் பேசப்பட்ட கூலியாதலால், கோடு இல்லையேல் காசு இல்லை.

இரண்டாவது, கங்காணியின் தலைக்காசு. தமிழகத்துச் சிற்றூர்களிலிருந்து ஆள் சேர்த்துக் கொண்டுவந்த கங்காணிக்கு, தம் கூட்டத்தில் அன்று வேலைக்கு இறங்கிய ஒவ்வோர் ஆளுக்கும் சில காசுகள் தனியாகக் கிடைத்தன. ஆகவே, காய்ச்சலில் சுருண்டு கிடப்பவரையும் எழுப்பிப் பெரட்டுக்குக் கொண்டு வருவதில் கங்காணிக்கு ஓர் ஆதாயம் இருந்தது. எழுந்து நடந்தவர் ஒருவர். அதற்கான வெகுமதியைப் பெற்றவர் இன்னொருவர்!

மூன்றாவது, நிர்வாகம் செலுத்திய வரி. 1907ஆம் ஆண்டில் தமிழர் குடிநுழைவு நிதி என்ற ஒன்று சட்டத்தால் ஏற்படுத்தப்பட்டது. பிற்காலத்தில் அது இந்தியக் குடிநுழைவு நிதி என்று அழைக்கப்பட்டது. தமிழகத்திலிருந்து தொழிலாளர்களைக் கப்பலேற்றிக் கொண்டுவரும் செலவுக்காக முதலாளிகளிடமிருந்து பணம் திரட்டுவது அதன் வேலை. எந்தத் தோட்டம் எவ்வளவு செலுத்த வேண்டும் என்பது, அத்தோட்டத்தில் தொழிலாளர்கள் வேலை செய்த நாள்களின் எண்ணிக்கையைக் கொண்டு கணக்கிடப்பட்டது.

ஆக, ஒரு தமிழன் விடியுமுன் எழுந்து நின்றதைக் கிராணி எழுதினார், அதைக் கங்காணி எண்ணினார், துரை கையெழுத்திட்டார், அரசாங்கம் கூட்டிப் பார்த்தது. இத்தனை பேர் அவனுடைய நாள்களை எண்ணியபோது, அந்த நாள்களை வாழ்ந்தவனிடம் மட்டும் எந்தக் கணக்கும் இல்லை. சம்பள நாளில் மேசைக்கு முன்னால் நின்று, நீட்டிய இடத்தில் கட்டைவிரலை உருட்டிவிட்டு, கொடுத்ததை வாங்கிக்கொண்டு வந்தான்.

இலங்கையின் நிலையும் இதுதான். அங்குத் தொழிலாளி ஒருவன் தோட்டம் மாற வேண்டுமானால் அவனுடைய கடன் எவ்வளவு என்று எழுதிய ஒரு துண்டுச் சீட்டு வேண்டியிருந்தது. அந்தத் தொகையைப் புதிய தோட்டம் கட்டினால்தான் அவன் நகர முடியும். அவனே படிக்க இயலாத ஒரு தாளில் அவன் வாழ்க்கை எழுதப்பட்டிருந்தது. அந்தத் துண்டு முறை 1921ஆம் ஆண்டில்தான் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. நம் நாட்டில் சஞ்சிக்கூலி முறை 1910ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது; உதவி பெற்று வரும் தொழிலாளர் குடியேற்றத்தை 1938ஆம் ஆண்டில் இந்திய அரசு நிறுத்தியது. முறைகள் மாறின. புத்தகம் மட்டும் கை மாறவில்லை.

பாட்டியின் கரிக்கோடுகள்

இங்கே என் குடும்பக் கதை ஒன்றைச் சொல்ல வேண்டும்.

என் பாட்டி இந்த வட்டாரத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் சீவியவர். எழுத்து அறியாதவர். ஆனால், லயத்து வீட்டின் சமையற்கட்டுப் பலகைச் சுவரில், அடுப்புக்கரியால் அவர் ஒரு கணக்கு வைத்திருந்தார். வேலைக்குப் போன ஒவ்வொரு நாளுக்கும் ஒரு நேர்க்கோடு. மழையால் பாதியில் திரும்பினால் அரைக் கோடு. ஐந்து கோடு சேர்ந்தால் குறுக்கே ஒரு வெட்டு. சம்பளம் வாங்கிய மறுநாள் ஈரத்துணியால் எல்லாவற்றையும் துடைத்துவிட்டு மீண்டும் முதலிலிருந்து தொடங்குவாராம். "மாசாமாசம் சொவரக் கழுவுற ஒரே வீடு நம்ம வீடுதான்" என்று என் அம்மா சிரித்துக்கொண்டே சொல்வார்.

1960களில் ஒரு மாதம், சுவரில் இருபத்து நான்கு கோடுகள் இருந்தன. சம்பளமோ இருபத்திரண்டு நாள்களுக்கே வந்தது. பாட்டி கேட்டார். புத்தகத்தில் உள்ளதுதான் கணக்கு என்றார்கள். அவருக்குப் புத்தகம் தெரியாது, சுவர்தான் தெரியும். இரண்டு நாள் கூலி என்பது அக்காலத்தில் ஒரு வார அரிசி. இரவு முழுதும் அழுதாராம்.

மறுநாள் அவர் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வாத்தியாரிடம் சென்றார். வாத்தியார் லயத்துக்கு வந்து, சுவர்க் கோடுகளை ஒவ்வொன்றாகத் தேதியாக்கி ஒரு தாளில் எழுதினார். மழை பெய்த நாள், கோயில் திருவிழா நாள் ஆகியவற்றைப் பாட்டி நினைவிலிருந்து சொல்லச் சொல்ல, எந்தக் கோடு எந்த நாள் என்று கண்டுபிடித்தாராம். தொழிற்சங்கத் தொண்டர் ஒருவரையும் அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார்கள். செக்ரோலைத் திறந்து பார்த்தபோது உண்மை வெளிப்பட்டது. அதே பெயருடைய இன்னொரு பெண்ணும் அத்தோட்டத்தில் இருந்தார். இரண்டு நாள்களுக்கான வருகை, தவறுதலாக அவருடைய வரிசையில் விழுந்திருந்தது. யாரும் ஏமாற்றவில்லை. ஒரு வரி கீழே இறங்கிய பேனாதான் காரணம். இரண்டு நாள் கூலியும் திரும்பக் கிடைத்தது.

"எழுதாக் கடனுக்கு அழுதால் தீருமா?" என்பது நம் பழமொழி. பாட்டியின் அழுகையால் தீராத ஒன்று, பாட்டியின் கரிக்கோட்டால் தீர்ந்தது. அந்த வாரமே, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தி வைத்திருந்த என் அம்மாவைப் பாட்டி மீண்டும் பள்ளிக்கு அனுப்பினார். நான் இன்று ஆசிரியராக நிற்பதற்கு அந்த இரண்டு கோடுகளும் ஒரு காரணம்.

கணக்குக் கேட்டவர்கள்

பாட்டி தனியாளாகக் கேட்டதைத் தொழிலாளர்கள் கூட்டமாகக் கேட்ட காலமும் உண்டு. 1920களின் பிற்பகுதியில் இந்தியத் தொழிலாளர்களுக்கு ஆணுக்கு நாளொன்றுக்கு 50 காசு, பெண்ணுக்கு 40 காசு என்று நிலைக்கூலி வகுக்கப்பட்டது. 1930ஆம் ஆண்டில் உலகப் பொருளாதார வீழ்ச்சி வந்ததும் அது 40 காசு, 32 காசு என்று குறைக்கப்பட்டது. இரப்பர் விலை விழுந்தபோது கூலி உடனே விழுந்தது. விலை எழுந்தபோது கூலி எழ நெடுநாள் பிடித்தது.

1941ஆம் ஆண்டில் சிலாங்கூரில், கிள்ளான் வட்டாரத்தை மையமாகக் கொண்டு தோட்டத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கத்தைச் சேர்ந்த ஆர். எச். நாதன் அவர்களுக்கு வழிகாட்டினார். கூலி உயர்வோடு அவர்கள் வேறு பலவற்றையும் கேட்டனர். துரையைக் கண்டால் மிதிவண்டியிலிருந்து இறங்க வேண்டும் என்ற இழிவை நீக்கக் கேட்டனர். பிள்ளைகளுக்கு முறையான கல்வி கேட்டனர். நாதன் கைது செய்யப்பட்டார், படை வரவழைக்கப்பட்டது, துப்பாக்கிச் சூட்டில் ஐவர் உயிரிழந்தனர்.

கூலிக்கும் கல்விக்கும் என்ன தொடர்பு என்று சிலர் கேட்கக்கூடும். பத்து அல்லது அதற்கு மேற்பட்ட பள்ளி வயதுப் பிள்ளைகள் உள்ள தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத் தொகுப்பே சொல்லியிருந்தது. ஆனால், பல தோட்டங்களில் அது ஒரு கொட்டகையும் ஓர் ஆசிரியருமாகப் பெயரளவில் நின்றது. தன் பெயருக்கு நேராக என்ன எழுதப்பட்டிருக்கிறது என்று படிக்கத் தெரிந்த பிள்ளை, தகப்பனுக்குக் கிடைத்த முதல் கணக்காயன். அதனால்தான் கூலி கேட்ட அதே மூச்சில் பள்ளியும் கேட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

நாடு விடுதலை பெறும் காலத்தில் நிலை மெல்ல மாறியது. 1954ஆம் ஆண்டில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கம் பிறந்தது, பி. பி. நாராயணன் அதனை நெடுங்காலம் வழிநடத்தினார். 1955ஆம் ஆண்டின் வேலைச் சட்டம், ஒரு மாதச் சம்பளத்தை அடுத்த மாதம் ஏழாம் நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று வகுத்தது. அதன்கீழ் 1957ஆம் ஆண்டில் வந்த விதிமுறைகள், சம்பளம் எப்படிக் கணக்கிடப்பட்டது என்ற விவரத்தை ஒவ்வொரு தொழிலாளிக்கும் கொடுக்க வேண்டும் என்றன. அந்தச் சிறிய சம்பளச் சீட்டைச் சாதாரணமாக எண்ணிவிடாதீர்கள். அரை நூற்றாண்டாகக் கிராணியின் மேசையிலேயே கிடந்த கணக்கின் ஒரு படி, முதன்முறையாகத் தொழிலாளியின் கைக்கு வந்தது.

விளையாட்டு நிறுவனங்களின் செக்ரோல்

இப்போது என் மாணவனின் ஏட்டுக்குத் திரும்புவோம்.

வந்து தலைகாட்டியதற்கே வெகுமதி என்ற உத்தி கைப்பேசிக்கு முன்பே இருந்தது. ஜப்பானில் 1928ஆம் ஆண்டில் வானொலி உடற்பயிற்சி தொடங்கியது. கோடை விடுமுறையில் காலையில் அதற்கு வரும் பிள்ளைகளுக்கு அட்டை ஒன்றில் நாளுக்கொரு முத்திரை குத்தி, முடிவில் சிறு பரிசு தருவது அங்கு வழக்கமாயிற்று. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் அந்த உடற்பயிற்சி நம் மண்ணிலும் நடந்தது. முதியவர்கள் சிலர் அதன் இசையைக்கூட நினைவு வைத்திருந்தார்கள். அந்த முத்திரை அட்டையின் பேரப்பிள்ளை என்று இன்றைய கைப்பேசி விளையாட்டின் வருகைப் பரிசுப் பலகையைச் சொல்லலாம்.

ஆனால், பேரப்பிள்ளை மிகவும் தந்திரசாலி. முதல் நாள் சிறு பரிசு; ஏழாம் நாள் பெரும் பரிசு; இடையில் ஒரு நாள் தவறினால் சில விளையாட்டுகளில் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். பண்டிகைக்கொரு நிகழ்வு; நிகழ்வுக்கொரு வில்லை; அந்த வில்லைகளைக் குறித்த நாளுக்குள் மாற்றாவிட்டால் காலாவதி. இவற்றோடு, எது வரும் என்று தெரியாத குலுக்கல் பரிசும் சேர்கிறது. எப்போது கிடைக்கும் என்று தெரியாத வெகுமதிக்காகவே உயிரினம் ஓயாமல் முயலும் என்பதை அமெரிக்க உளவியலாளர் ஸ்கின்னர் புறாக்களைக் கொண்டு ஆராய்ந்து காட்டினார். ஃபெர்ஸ்டருடன் சேர்ந்து அவர் எழுதிய நூல் 1957ஆம் ஆண்டில் வெளிவந்தது. புறாவுக்குத் தானியம், நம் பிள்ளைக்கு மின்னும் வில்லை.

என் மாணவன் விளையாடும் விளையாட்டில் நாள் நள்ளிரவில் மாறுவதில்லை. அதிகாலை நான்கு மணிக்கு மாறுகிறது. நிகழ்வின் கடைசி நாளன்று, நான்கு மணிக்குள் விட்டதைப் பிடிக்க அலாரம் வைத்து எழுந்திருக்கிறான். வகுப்பில் அவன் கண்கள் செருகியதன் காரணம் அதுதான். என் பாட்டி எழுந்த அதே நேரம்! அவருக்குப் பெரட்டு மணி. இவனுக்குக் கைப்பேசி மணி. இதை அறிந்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆட்டக்காரர்கள் எழுதிய எதிர்க்கணக்கு

எனினும், இவ்வரலாற்றில் வியக்கத்தக்க ஒரு பக்கமும் உண்டு. உலகெங்கும் இளைஞர்கள் என் மாணவனைப் போலவே தங்கள் கணக்கைத் தாங்களே எழுதத் தொடங்கினார்கள்.

2020ஆம் ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் வெளிவந்த 'கென்ஷின் இம்பாக்ட்' என்ற விளையாட்டை எடுத்துக்கொள்வோம். அதில் குலுக்கல் முறையில் மிக அரிய பரிசு கிடைக்கும் அடிப்படை வாய்ப்பு 0.6 விழுக்காடு என்றும், 90 முயற்சிக்குள் ஒன்று உறுதி என்றும் நிறுவனம் அறிவித்திருந்தது. தொடக்க ஆண்டுகளில் ஒருவரது குலுக்கல் வரலாற்றில் கடைசி ஆறு மாதப் பதிவுகளை மட்டுமே விளையாட்டுக்குள் காண முடிந்தது. ஆகவே, ஆட்டக்காரர்கள் தங்கள் பதிவுகளைத் தாங்களே சேமித்து வைக்கக் கருவிகள் செய்தார்கள். பல்லாயிரவர் கணக்கை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தபோது ஒன்று தெரியவந்தது. ஏறத்தாழ 74ஆம் முயற்சியிலிருந்து வாய்ப்பு வேகமாக உயர்கிறது! அறிவிப்பில் விளக்கப்படாத ஒரு விதியை, அடுக்கி வைத்த கணக்கு கண்டுபிடித்துவிட்டது. 2025ஆம் ஆண்டு ஜனவரியில் அமெரிக்கக் கூட்டரசு வணிக ஆணையம், பரிசுகளின் உண்மையான விலையையும் வாய்ப்பையும் பற்றிப் பிள்ளைகள் உள்ளிட்டோரைத் தவறான எண்ணம் கொள்ளச் செய்ததாக அந்நிறுவனத்தின்மீது குற்றம் சாட்டியது. 2 கோடி டாலர் செலுத்தவும், பெற்றோர் இசைவின்றிப் பதினாறு வயதுக்குட்பட்டோருக்குக் குலுக்கல் பெட்டிகளை விற்காதிருக்கவும் நிறுவனம் உடன்பட்டது.

தென்கொரியாவில் நடந்தது இன்னும் அழுத்தமானது. 'மேப்பிள்ஸ்டோரி' விளையாட்டில் 'கியூப்' எனப்படும் குலுக்கல் பொருள் 2010ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்தது. பின்னர் நிறுவனம் அதன் வாய்ப்புகளை ஆட்டக்காரர்களுக்குத் தெரிவிக்காமல் மாற்றியது. பலரும் விரும்பிய சில சேர்க்கைகள் கிடைக்கும் வாய்ப்பு சுழியமாகவே ஆக்கப்பட்டிருந்தது. வராத ஒன்றுக்காகப் பல ஆண்டுகள் மக்கள் பணம் கட்டினார்கள். 2021ஆம் ஆண்டில் ஆட்டக்காரர்கள் வெகுண்டெழுந்து, எதிர்ப்பு வாசகங்கள் ஓடும் சரக்குந்துகளை அனுப்பிக் கேள்வி கேட்டார்கள். 2024ஆம் ஆண்டு ஜனவரியில் அந்நாட்டின் நியாய வணிக ஆணையம் நெக்சன் நிறுவனத்துக்கு 1,160 கோடி வோன் அளவில் தண்டம் விதித்தது. அதே ஆண்டு மார்ச்சு 22 முதல், குலுக்கல் வாய்ப்புகளை வெளியிடுவது அங்குச் சட்டப்படி கட்டாயமாயிற்று.

பார்த்தீர்களா அன்பர்களே? விளையாட்டுதானே என்று நாம் ஒதுக்கிய ஒன்றில், புத்தகத்தை வைத்திருந்தவர்களை எண்ணி எழுதியவர்கள் கேள்வி கேட்டிருக்கிறார்கள்.

வேறுபாட்டையும் சொல்ல வேண்டும்

பெரட்டையும் விளையாட்டையும் ஒன்றென்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொன்னால் அது என் பாட்டிக்குச் செய்யும் தீங்கு. அவர் கோடு ஒவ்வொன்றும் சோறு. அந்தக் கோட்டுக்குப் பின்னால் சட்டம் இருந்தது, சங்கம் இருந்தது. இரண்டு நாள் கூலி என்பது அவருக்கு உரிமையான சொத்து. விளையாட்டு வில்லை அப்படியன்று. பெரும்பாலான விளையாட்டுகளின் நிபந்தனைகளைப் படித்துப் பார்த்தால், அந்தப் பொருள்கள் நமக்குச் சொந்தமல்ல, பயன்படுத்த மட்டுமே இசைவு என்று எழுதியிருக்கும். நிறுவனம் கடையைச் சாத்தினால் ஆண்டுக்கணக்கில் சேர்த்ததெல்லாம் ஒரே நாளில் மறையும்.

இன்னொரு வேறுபாடும் உண்டு. கங்காணியின் தலைக்காசு போலவே, பிள்ளை நாள்தோறும் உள்ளே நுழைவதன் பெரிய ஆதாயம் வேறொருவருக்குப் போகிறது. விழித்திருந்த கண்கள் இவனுடையவை. அதை நான் அவனுக்குச் சொல்லித்தான் ஆக வேண்டும். அதிகாலை நான்கு மணி உறங்கும் நேரம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை.

ஆனால், கணக்கு எழுதும் அந்தப் பழக்கத்தைப் பறிமுதல் செய்ய எனக்கு என்ன உரிமை?

ஏட்டின் கடைசிப் பக்கங்கள்

மறுநாள் ஏட்டைத் திருப்பித் தருவதற்கு முன், ஒரு முறை இறுதிவரை புரட்டினேன். பின்பக்கத்திலிருந்து தலைகீழாக வேறொரு கணக்கு எழுதப்பட்டிருந்தது. அதே அடிக்கோல் கோடுகள். அதே ஐந்து கட்டங்கள். தலைப்புகள்தாம் வேறு. நாள், அம்மா போன நேரம், வந்த நேரம், மிகைநேரம், சீட்டில் வந்தது.

அவன் தாயார் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். தகப்பனார் இல்லை. தாயார் வீடு திரும்பும் நேரத்தை மகன் ஒவ்வோர் இரவும் எழுதி வைத்திருக்கிறான். மூன்று மாதக் கணக்கு. கடைசி மாதத்தில், சீட்டில் வந்த மிகைநேரம் அவன் எழுதியதைவிட ஏழு மணி நேரம் குறைவு. சிவப்பு மையில் அடிக்கோடு.

அவனைத் தனியே அழைத்துக் கேட்டேன்.

"விளையாட்டுல குறைஞ்சப்ப எழுதிக் கேட்டேன், ஐயா, குடுத்துட்டாங்க. அம்மாகிட்டயும் கேக்கச் சொன்னேன். வேல போயிடும்னு பயப்படுறாங்க" என்றான்.

அறுபது ஆண்டுகளுக்கு முன்பு ஒரு வாத்தியார் லயத்துச் சமையற்கட்டில் நின்று கரிக்கோடுகளைத் தேதியாக்கிய காட்சி என் கண்முன் வந்தது. அன்றே மாலையில் அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். தாயாரிடம் பேசினேன். சாலை நெரிசலால் பிந்திய நாள்கள் எவை, உண்மையில் வேலை செய்த நாள்கள் எவை என்று மூவரும் அமர்ந்து பிரித்தோம். ஏழு மணி, ஐந்தாகக் குறைந்தது. வாரத்துக்கு 45 மணி நேரம் என்று 2023ஆம் ஆண்டு முதல் சட்டம் வரையறுத்திருப்பதையும், அதற்குமேல் செய்யும் வேலைக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் என்பதையும் எடுத்துச் சொன்னேன். குற்றம் சாட்டாமல், சரிபார்த்துத் தருமாறு கேட்கும் பணிவான கடிதம் ஒன்றை மலாய் மொழியில் எழுதினோம். அச்சத்தோடுதான் அதை வாங்கிக்கொண்டார். ஆனால், மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார்.

இதை எழுதும் இந்நேரம்வரை மறுமொழி வரவில்லை. மாணவன் ஏட்டில் ஆறாவதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறான். கடிதம் கொடுத்த நாள்.

ஆசிரியப் பெருமக்களே, பெற்றோர்களே! பிள்ளைகள் கைப்பேசியில் எதை விளையாடுகிறார்கள் என்று கேட்பதோடு, அதில் எதை எண்ணுகிறார்கள், எப்படி எழுதி வைக்கிறார்கள் என்றும் கேளுங்கள். உறக்கத்தைக் கெடுப்பதைக் கண்டியுங்கள். எண்ணி எழுதும் பழக்கத்தைத் தட்டிக் கொடுங்கள். உங்கள் வீட்டில் பழைய சம்பளச் சீட்டுகள், செக்ரோல் தாள்கள், தாத்தா பாட்டி வைத்திருந்த கணக்குக் குறிப்புகள் இருந்தால் தூக்கி எறிந்துவிடாதீர்கள். பிள்ளைகளிடம் காட்டுங்கள், படிக்கச் சொல்லுங்கள். அவை நம் வரலாற்றின் ஏடுகள்.

என் பாட்டியின் சுவர் இன்று இல்லை. லயம் இடிந்து, அவ்விடத்தில் வீடமைப்புப் பகுதி எழுந்துவிட்டது. ஆனாலும் மாதமொரு முறை, என் சம்பளச் சீட்டு வரும்போது, அதிலுள்ள ஒவ்வொரு வரியையும் என் குறிப்பேட்டோடு ஒப்பிட்டுப் பார்க்கிறேன். இதுவரை தவறு எதுவும் இருந்ததில்லை. இருந்தாலும் பார்க்கிறேன்.